யாருக்காக இந்தப் பரீட்சை?



பதவியுயர்வு என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "சம்பளம் எவ்வளவு கூடும்?" என்பது. இரண்டாவது, "இடமாற்றம் வருமா?" என்பது. மூன்றாவது கேள்வியைச் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம்: "யாரைப் பிடித்தால் காரியம் ஆகும்?" முதல் இரண்டையும் குறை கூற நான் வரவில்லை. பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும், கூரையை மாற்ற வேண்டும், கடனை அடைக்க வேண்டும். மூன்றாவதைப் பற்றிப் பின்னர் பேசுவோம். ஆனால் சில தொழில்களில் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைப் பரீட்சைக்குப் போகிறவரும் கேட்பதில்லை, அனுப்பி வைக்கும் வீட்டாரும் கேட்பதில்லை. அந்தப் பரீட்சை யாருக்காக நடத்தப்படுகிறது என்பதே அக்கேள்வி. இதை ஆராய்வதற்குத் தீயணைப்புத் தொழிலைப் போல் பொருத்தமானது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

நம் கல்முனைக் கரையை எண்ணிப் பாருங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்ற ஊர் எங்கே தொடங்குகிறது என்று அந்நியருக்குத் தெரியாது. ஒரு வீட்டுச் சுவர் மறு வீட்டுச் சுவரைத் தொட்டு நிற்கும் ஒழுங்கைகள். பிரதான வீதியின் இரு மருங்கும் புடவைக் கடை, தளபாடக் கடை, எரிவாயுச் சிலிண்டர் அடுக்கிய கடை. மருதமுனையில் தறியும் நூலும். ஒரு கடையில் பற்றிய தீ பத்துக் கடைக்குப் பரவ அதிக நேரம் வேண்டியதில்லை. நம் நாட்டில் தீயணைப்புக்கெனப் பொலிசைப் போன்ற ஒரே தேசியத் திணைக்களம் கிடையாது. பெரும்பாலும் மாநகர சபைகளும் சில நகர சபைகளுமே தத்தம் எல்லைக்குள் அப்படையை வைத்திருக்கின்றன. கல்முனை மாநகர சபையிலும் ஒரு தீயணைப்புப் பிரிவு உண்டு.

தரையில் மட்டுமா தீ? 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி, நம் மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் நடுக்கடலில், 'நியூ டயமண்ட்' என்னும் எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில் தீ மூண்டது. ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய் அதில் இருந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார், ஏனைய 22 பேரும் காப்பாற்றப்பட்டனர். அணைந்தது என்று எண்ணிய தீ மறுபடியும் மூண்டது. கிட்டத்தட்ட ஒரு வாரம் இலங்கைக் கடற்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் போராடினார்கள். அந்த எண்ணெய் முழுவதும் கடலில் கொட்டியிருந்தால் நம் மீனவர் கதி என்னவாகியிருக்கும்! பிற்பாடு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் கப்பலின் தலைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தினார். எண்ணெய்க் கசிவை உரிய நேரத்தில் அறிவிக்கத் தவறினார் என்பதே குற்றம். தலைமைப் பதவியில் இருப்பவர் வாய் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால் அதற்கும் விலை உண்டு என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். 'தடைதாண்டல்' என்ற சொல்லை அறியாத அரச ஊழியர் குடும்பம் நம்மிடையே இல்லை. வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை, மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை, சேவைமூப்பு, நேர்முகப் பரீட்சை. நம் உத்தியோகத்தர்கள் மேலே ஏறும் படிகள் இவைதாம். கடந்தகால வினாத்தாள்களைத் தேடி வாங்குகிறோம். தாபன விதிக்கோவையின் அத்தியாயங்களை மனனஞ் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறோம். (பூசைக்கு வராமல் வகுப்புக்குப் போகிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். அது வேறு விடயம்.) பிற நாட்டுத் தீயணைப்புப் படைகளிலே இதற்கும் மேலாகச் செய்கிறார்கள். எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, எரியும் கட்டடம் ஒன்றைப் படத்திலோ கணினித் திரையிலோ காட்டி "இப்போது நீர் என்ன கட்டளை இடுவீர்?" என்று கேட்கும் ஒத்திகைப் பரீட்சை எனப் பலவும் உண்டு.

இவற்றுக்கு ஆயத்தம் செய்கிறவர், தாம் பெறப்போவது ஒரு பரிசு என்று எண்ணுவது இயல்பே. பல்லாண்டு உழைத்தேன், எனக்கு உரியதைத் தாருங்கள் என்கிறார். ஆனால் தீயணைப்பில் ஒரு படி உயர்வதென்றால் என்ன? நேற்றுவரை குழாயைப் பிடித்தவர் இன்று வாசலில் நின்று, "நீ உள்ளே போ" என்று மற்றொருவரிடம் சொல்லும் அதிகாரம் பெறுகிறார். அந்தச் சொல்லைக் கேட்டு உள்ளே போகிறவனுக்கு மனைவி மக்கள் உண்டு. மாடியறையில் புகைக்குள் அகப்பட்டுக் கிடக்கும் தாயும் குழந்தையும் உண்டு. பரீட்சை மண்டபத்தில் அவர்களுக்குக் கதிரை போடப்படுவதில்லை. ஆனால் அந்தப் பரீட்சை அவர்களுக்காகவே நடைபெறுகிறது. பதவி பெறுகிறவருக்குக் கிடைக்கும் சம்பளமும் நட்சத்திரமும் அதன் பக்க விளைவுகள்.

இதை ஒப்புக்கொண்டால் பல கேள்விகளின் முகம் மாறிவிடுகிறது. முதலில் சிபாரிசை எடுத்துக்கொள்வோம். அமைச்சரின் கடிதம், உறுப்பினரின் தொலைபேசி அழைப்பு, மச்சானின் நண்பர். இவற்றை நாம் பாவமாகக் கருதுவதில்லை, கெட்டித்தனமாகக் கருதுகிறோம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினார் இதற்கு 'முகத்தாட்சணியம்' என்று பொருள்படும் பெயரிட்டு, நீதிக்கு மாறான பாவங்களின் வரிசையில் வைத்தார். ஒருவரைப் பதவிக்குத் தகுதியாக்கும் காரணத்தைப் பாராமல், இவர் என் உறவினர், இவர் செல்வர் என்று பார்த்துக் கொடுப்பது முகத்தாட்சணியம். அதே இடத்தில் அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டையும் கூறுகிறார். தெரிவு நீதிமன்றத்தில் செல்லுபடியாவதற்குத் தகுதியுள்ள ஒருவரைத் தெரிந்தாற் போதும். ஆனால் தெரிவு செய்பவரின் மனச்சாட்சிக்கு அது போதாது, தகுதியுள்ளோருள் மேலானவரைத் தெரிய வேண்டும். மேலானவர் என்றால் கல்வியிலோ புண்ணியத்திலோ மேலானவர் என்று மட்டும் கொள்ளாமல், பொதுநன்மைக்கு எவர் அதிகம் உதவுவாரோ அவரை என்று கொள்ள வேண்டும் என்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மடத்து அறையில் எழுதப்பட்ட இந்த வேறுபாடு, நம் காலத்தில் ஓர் அமெரிக்கத் தீயணைப்புப் படையின் வாசலில் வந்து நின்றது.

கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்றொரு நகரம். 2003ஆம் ஆண்டு அங்கே தீயணைப்புப் படையின் இரு உயர் பதவிகளுக்குப் பரீட்சை வைத்தார்கள். 118 பேர் தோற்றினர். எழுத்துக்கு நூற்றுக்கு 60, வாய்மொழிக்கு 40 என்று புள்ளி பிரிக்கப்பட்டது. அந்த விகிதம் தொழிற்சங்கத்தோடு செய்த உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. பெறுபேறு வந்தபோது, அப்போதிருந்த வெற்றிடங்களுக்கு எடுக்கத்தக்கவர்களுள் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பினத்தவரும் இஸ்பானிய வம்சத்தவரும் சேர்ந்து ஏறத்தாழ 60 வீதமாக வாழும் நகரம் அது. வழக்கு வரும் என்று அஞ்சிய நகரசபை பெறுபேறு முழுவதையும் ஒதுக்கிவிட்டது. சித்தியடைந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009 ஜூன் 29இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஐந்து நீதியரசர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, நகரசபை செய்தது பிழை என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் இருவரைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவர் பிராங்க் ரிச்சி. வழக்குக்கே அவர் பெயர்தான். அவருக்கு எழுத்தை வாசிப்பதில் பிறவியிலிருந்தே இடர்ப்பாடு. செய்துவந்த இரண்டாவது வேலையை விட்டார். பாடநூல்களை வாங்கி, அயலவர் ஒருவருக்குப் பணம் கொடுத்து ஒலிநாடாவில் வாசிப்பித்து, திரும்பத் திரும்பக் கேட்டார். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்திலிருந்து பதின்மூன்று மணித்தியாலம் வரை படித்ததாகக் கூறினார். தம் பிரிவில் தோற்றிய 77 பேரில் ஆறாவதாக வந்தார். மற்றவர் மைக்கல் பிறிஸ்கோ, கறுப்பினத்தவர். வாய்மொழிப் பரீட்சையில், அதாவது "இந்தத் தீயை எப்படி எதிர்கொள்வீர்?" என்ற நேர்முகச் சோதனையில், அதே 77 பேருள் முதலாவதாக வந்தவர் அவரே. எழுத்தில் பெற்ற புள்ளியும் சேர்ந்தபோது 24ஆவது இடத்துக்குப் போனார். அவரும் பின்னர் தனியாக வழக்குப் போட்டார்.

யார் மேலானவர்? ரிச்சியின் உழைப்பை யார் இகழ முடியும்? இன்னார் இன்ன இனம் என்பதற்காக அவர் உழைப்பைக் குப்பைக் கூடையில் போடுவது அநீதி என்றே நானும் கருதுகிறேன். அதே வேளையில், வாயால் கட்டளையிடும் தொழிலுக்கு வாய்மொழியில் முதலாவதாக வந்தவர் 24ஆவது ஆளாகிப் போன கணக்கும் என் மனத்தை உறுத்துகிறது. 60க்கு 40 என்ற விகிதம், எத்தகைய தலைவர் மக்களுக்கு வேண்டும் என்று ஆராய்ந்து வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இரு தரப்பார் மேசையில் பேசி முடித்த ஒன்று அது. தீர்ப்போடு உடன்படாத நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், அயலிலுள்ள பிரிட்ஜ்போர்ட் நகரம் வாய்மொழிக்குக் கூடிய புள்ளி கொடுத்ததை எடுத்துக் காட்டினார். அளவுகோலைச் செய்தபோது மாடியறைத் தாயை யாராவது நினைத்தார்களா? நீதிமன்றம் சட்டத்தைத் தீர்த்துவைத்தது. தோமஸ் அக்குவினார் சொன்ன மற்றப் பாதி, தெரிவு செய்பவரின் மனச்சாட்சி, தீராமலே கிடக்கிறது.

இக்கதை நமக்குத் தூரத்துக் கதையா? அறிவித்தல் பலகையில் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டதும் நம் கண் முதலில் எதைத் தேடுகிறது? புள்ளியையா? முஸ்லிம் பெயர் எத்தனை, தமிழ்ப் பெயர் எத்தனை, அதற்குள் வேதக்காரர் யாராவது உண்டா என்றுதான் எண்ணுகிறோம். கல்முனையில் பிரதேச செயலகம் முதல் சந்தைக் கடை வரை எதுவும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியதில்லை. இது வெறும் பொறாமையால் மட்டும் வந்ததன்று. நீண்ட காலப் புறக்கணிப்பு பற்றிய நினைவு எல்லாச் சமூகத்தாரிடமும் இருக்கிறது, அந்த நினைவு பொய்யும் அல்ல. நியூ ஹேவனிலும் 1970களின் தொடக்கத்தில், நகர மக்களில் 30 வீதமானோர் கறுப்பினத்தவரும் இஸ்பானிய வம்சத்தவருமாக இருக்க, 502 தீயணைப்பு வீரருள் அவர்கள் 3.6 வீதமே. ஆகவே "திறமை ஒன்றையே பாருங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, இதுவரை திறமையைப் பார்த்தீர்களா என்று மற்றவர் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு.

ஆனாலும் மாடியறைத் தாயிடம் போய்க் கேளுங்கள். ஏணியில் ஏறி வருபவரின் பெயர் என்ன என்று அவள் கேட்பாளா? அவள் கேட்காதது மட்டும் போதாது. தீயணைப்பு வண்டி தன் ஒழுங்கைக்குள்ளும் அதே வேகத்தில் வரும் என்ற நம்பிக்கையும் அவளுக்கு வேண்டும். அதனால் ஒரு படையில் எல்லாச் சமூகத்தாரும் கீழிருந்து மேல்வரை இருப்பதும் பொதுநன்மையின் ஒரு பகுதியே என்று நான் சொல்வேன். அதைத் தெரிவு நாளில் பட்டியலைத் திருத்திச் செய்ய முடியாது. ஆட்சேர்ப்பிலும் பயிற்சியிலும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கவேண்டிய வேலை அது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி புதிதாகச் சேரும் அரச ஊழியர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். அம்பாறைப் பக்கமிருந்து வந்த சிங்கள லொறிச் சாரதி ஒருவர் எரியும் வாகனத்துக்குள் அகப்பட்டுக் கத்தும்போது, அவர் சொல்வது விளங்காத அதிகாரி என்ன செய்வார் என்பதை அவர்கள் யோசிக்கட்டும்.

சேவைமூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்தவர் இருக்க இளையவர் தலைவராவதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. இதில் நியாயமும் உண்டு. நியமனக் கடிதத்தில் உள்ள திகதியை எந்த உறுப்பினராலும் திருத்த முடியாது. சிபாரிசு மலிந்த நாட்டில் ஏழை ஊழியனுக்கு உள்ள ஒரே அரண் அந்தத் திகதிதான். அதனால் சேவைமூப்பைப் பழமை என்று ஏளனம் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆயினும் வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், அதற்கு அடுத்ததாக 'தெரிந்து வினையாடல்' என்று வேறோர் அதிகாரமும் வைத்தார். ஆளை அறிவது ஒன்று, இந்த வேலைக்கு இந்த ஆள் என்று ஒப்படைப்பது மற்றொன்று. நம் வயற்புறத்து வட்டை விதானையை எப்படித் தெரிகிறார்கள்? கூட்டத்தில் விவசாயிகளே தெரிகிறார்கள். வயது பார்ப்பார்கள்தாம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் குறையும் காலத்தில் கடைமடைக் காரனுக்கும் பங்கு கொடுப்பாரா என்பதையே கடைசியில் பார்ப்பார்கள். தண்ணீரை நம்பியிருப்பவரே தெரிவதால் தெரிவு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

தீயணைப்பில் அனுபவம் என்பது எத்தகையது? 1980களில் கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர், தீயணைப்புத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். இரண்டு மூன்று வழிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தெரிவார்கள் என்று எதிர்பார்த்துப் போனார். அவர்கள் ஒப்பிடவே இல்லை. முன்பு கண்ட தீக்களின் சாயலை இந்தத் தீயில் கண்டு, உடனே செயற்பட்டார்கள். அனுபவசாலிக்கு இது பெரும் பலம். ஆனால் முன்பு காணாத தீ வந்தால்?

2017 ஜூன் 14 அதிகாலை இலண்டனில் கிரென்பெல் என்ற 24 மாடிக் கட்டடம் எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். மாடிவீட்டில் தீப்பிடித்தால் மற்ற வீட்டார் வெளியேறாமல் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கே நெடுங்கால விதி. ஒரு வீட்டுத் தீ அந்த வீட்டுக்குள்ளே அடங்கும் கட்டடங்களில் அது நல்ல விதியே. இங்கே வெளிச்சுவரில் பதித்திருந்த தகடுகள் வழியே தீ முழுக் கட்டடத்தையும் சூழ்ந்தது. 2019இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, 1.30க்கும் 1.50க்கும் இடையில் மக்களை வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வீணாகிவிட்டது என்று கண்டது. முதலில் தலைமையேற்றவர்கள் அனுபவமுள்ளவர்கள், ஆனால் ஒப்பளவில் இளநிலைப் பதவியினர். இப்படிப்பட்ட வெளிச்சுவரின் ஆபத்தும், முழுக் கட்டடத்தையும் எப்போது எப்படி வெளியேற்றுவது என்பதும் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. அவர்கள் மேல் கல்லெறிய எனக்கு மனமில்லை. விதியைப் படிப்பித்தவர்கள் அந்த விதி எங்கே நின்றுவிடும் என்பதைப் படிப்பிக்கவில்லை.

பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதனோடு சேர்ந்தது. மாதிரி விடைகளை மனனஞ் செய்வது பாவமா என்று கேட்டால், மனனம் பாவமன்று. குழாய் பொருத்துவதையும் முடிச்சுப் போடுவதையும் ஆயிரம் முறை செய்து பார்ப்பதுதானே உங்கள் தொழில்? கை தானாகச் செய்யும்வரை பழகுவதும் ஒருவகை மனனமே. ஆனால் நேர்முகப் பரீட்சையாளரின் காதுக்கு இனிய விடை எது என்று மட்டும் படித்து, அந்த விடை குறிக்கும் காரியத்தைப் பழகாமல் விட்டால், நீர் ஏமாற்றுவது பரீட்சையாளரை மட்டுமன்று. அவர் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார். உம் கட்டளையைக் கேட்கப் போகிறவனும், அவன் தூக்கி வரப்போகிற குழந்தையும் இருக்கிறார்கள். நம்மைப் போன்ற சிறு நகரத்தில் பெருந்தீ அடிக்கடி வருவதில்லை, கடவுளுக்கு நன்றி. அதனாலேயே நம் வீரர்கள் பிறருடைய தீக்களிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. கிரென்பெல் போன்ற அறிக்கைகளைத் தமிழில் சுருக்கிக் கொடுப்பார் யாராவது இருந்தால், ஞாயிறு வகுப்பை விட அது பயன்படும். உத்தியோகம் பார்க்கிறவர் வாழ்நாளில் உட்கார்ந்து படிக்கும் காலம் பெரும்பாலும் பரீட்சைக்கு முந்திய சில மாதங்களே. அதைச் சுற்றறிக்கை இலக்கங்களுக்கு மட்டும் செலவிட்டு முடிப்பது வீண்.

இன்னொரு சங்கடமும் நேர்முகத்தில் உண்டு. "நீர் என்ன செய்தீர்?" என்று கேட்பார்கள். தீயணைப்பில் ஒருவர் தனியாகச் செய்தது என்று ஏதாவது உண்டா? முன்னே குழாய்முனையைப் பிடிப்பவர், பின்னே அதன் பாரத்தைத் தாங்குபவர், பம்ப்பில் நின்று அழுத்தம் பார்ப்பவர், பவுசரை ஒழுங்கைக்குள் பின்பக்கமாக ஓட்டி வந்த சாரதி, கிணற்றைக் காட்டிய அயலவர். ஆயினும் நேர்முகத்தில் 'நாங்கள்' என்று சொல்பவருக்குப் புள்ளி குறைவு, 'நான்' என்பவருக்குக் கூட என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேர்மையுள்ள ஒருவருக்கு இது வாயில் கசக்கும். பிறர் செயலைத் தன் கணக்கில் எழுதுவது களவு. ஆனால் அடக்கம் என்ற பெயரில் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று மூடுவதும் முழு உண்மை ஆகாது. பரீட்சையாளர் தேடுவது யார் பொறுப்பெடுத்தார் என்பதை. ஆகவே இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். அந்தக் காரியம் பிழைத்துப் போயிருந்தால் விசாரணையில் யார் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீர் என்றால், அந்த இடத்தில் தயங்காமல் 'நான்' என்று சொல்லும். மற்ற இடங்களில் ஆட்களின் பெயரைச் சொல்லும். பெயர் சொல்லிப் பாராட்டத் தெரிந்தவர் ஆட்களை அறிந்தவர் என்பதைப் பரீட்சையாளரும் கவனிக்காமல் விடமாட்டார். விட்டாலும் பரவாயில்லை.

ஆட்களை அறிவதென்பது அலங்காரமான நற்குணம் அன்று, உயிர்ப் பிரச்சினை. 1949 ஆகஸ்ட் 5இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்னும் மலைப் பள்ளத்தாக்கில் காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து குதித்தவர்களின் தலைவர் வாக்னர் டொட்ஜ். தீ எதிர்பாராத விதமாகத் திரும்பிப் புல்வெளியில் அவர்களைத் துரத்தியது. ஓடித் தப்ப முடியாது என்று கண்ட டொட்ஜ் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து போன சாம்பலில் படுத்துக்கொண்டு, மற்றவர்களையும் வரும்படி அழைத்தார். ஒருவரும் வரவில்லை. பெருந்தீயிலிருந்து ஓடுகிறவனிடம் இன்னொரு தீக்குள் வா என்றால் யார் வருவார்? பதின்மூன்று பேர் மாண்டனர். டொட்ஜும், மலைமுகட்டின் பிளவுக்குள் ஏறிய வேறு இருவரும் பிழைத்தனர். அவர் செய்தது சரியான காரியம். தலைமைப் பதவியும் அவருக்கு முறையாக இருந்தது. ஆனால் அந்த வழியை அந்த இளைஞர்கள் எந்தப் பயிற்சியிலும் கண்டதில்லை. அந்த ஒரு நிமிடத்தில், விளங்காவிட்டாலும் இவர் சொன்னால் செய்வோம் என்று எண்ணுமளவுக்கு அவர்களுக்கும் அவருக்கும் பழக்கம் இருக்கவில்லை. எந்தப் பரீட்சை மண்டபத்தில் இதை அளக்க முடியும்?

அளக்க முடியாது என்று கைவிடவும் வேண்டியதில்லை. பரீட்சார்த்தியின் கீழ் வேலை செய்தவர்களிடம் இரகசியமாக ஒரு கேள்வி கேட்கலாம்: "இவர் சொன்னால் புகைக்குள் போவீரா?" மேலதிகாரியின் அறிக்கையை மட்டும் பார்த்துப் பதவி கொடுக்கும் வழக்கத்தோடு இதையும் சேர்த்தால் பலரும் ஆச்சரியப்படும் பெறுபேறுகள் வரக்கூடும். சிரிக்கப் பேசி ஆட்களை வளைத்துப் போடுபவர்கள் இதிலும் வென்றுவிடுவார்கள் என்று ஒரு நண்பர் மறுத்தார். இருக்கலாம். ஆனால் புகைக்குள் போகிறவன் தன் உயிரை வைத்துப் பதில் சொல்கிறான். அவன் வாக்கு எந்த உறுப்பினரின் கடிதத்தையும் விடப் பெறுமதியானது.

கடைசியாக, பட்டியலில் பெயர் வராதவரின் வீட்டாரோடு இரண்டு வார்த்தை. இப்படிப்பட்ட வீடுகளே அதிகம். ஓர் இடத்துக்குப் பத்துப் பேர் எழுதினால் ஒன்பது வீட்டில் அன்றிரவு சோறு இறங்காது. அநீதி நடந்திருந்தால் முறையீடு செய்ய மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு இருக்கிறது. போகவேண்டுமென்றால் போகட்டும், அது கோழைத்தனமும் அன்று, பேராசையும் அன்று. ஆனால் அநீதி நடந்ததா, நம் ஆசை நடக்கவில்லையா என்று முதலில் அவரே தனிமையில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரும், சொந்தக்காரரும், நாமும் சேர்ந்து, "அவன் முஸ்லிம் என்றபடியால் கொடுத்தார்கள்", "இவன் தமிழன் என்றபடியால் வெட்டினார்கள்" என்று அவர் காதில் ஊதிக்கொண்டிருந்தால் அந்தத் தனிமை அவருக்குக் கிடையாது. நாளைக்கு அவர் அந்தப் புதிய தலைவரின் பின்னால் குழாயைத் தாங்கி நிற்க வேண்டியவர். அந்த நேரம் அவர் மனத்தில் நாம் ஊதியது எரிந்துகொண்டிருந்தால், முன்னே நிற்பவர் எதை நம்பி ஓரடி எடுத்து வைப்பார்?

ஆகையால் அம்மா, அன்றிரவு அவரிடம் அதிகம் கேட்காதீர்கள். பிள்ளைகளையும் கேட்க விடாதீர்கள். சோற்றைப் போட்டுக் கொடுங்கள், சீருடையைத் தோய்த்துக் காயப் போடுங்கள். நாளைக்கு அவருக்கு இரவு வேலை.